ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோலில் 2டி ஆயில்: விடலாமா, கூடாதா?

கம்பம்_ரைடர்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய 2011 மாடல் 125 சிசி வண்டி இப்போது என் கையில். கார்புரேட்டர் வண்டிதான். இன்ஜின் இன்னும் பிரிக்கப்படவில்லை, ஆயில் குடிப்பதில்லை, புகையும் இல்லை. போன சர்வீஸில் மெக்கானிக் அண்ணன் ஒரு யோசனை சொன்னார்: "இப்ப வர்ற பெட்ரோல் எத்தனால் கலந்தது, வறண்ட பெட்ரோல். லிட்டருக்குப் பத்து மில்லி 2டி ஆயில் விட்டு ஓட்டு. வால்வு, ரிங்கு ரெண்டும் தேயாது." 2டி என்பது டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில், என் வண்டியோ ஃபோர் ஸ்ட்ரோக். ஆனாலும் அவர் பேச்சை லேசில் தள்ளிவிட முடியாது. எங்கள் ஊரில் பாதி வண்டி அவர் கையில்தான்.

நெட்டில் தேடினால் ஒருவர் அமிர்தம் என்கிறார், அடுத்தவர் விஷம் என்கிறார், யாரும் காரணம் சொல்வதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொரு சந்தேகம்: 2டி வாங்காமல் வீட்டில் மிச்சமிருக்கும் 20டபிள்யூ40 இன்ஜின் ஆயிலையே கொஞ்சம் விட்டால் என்ன?

எக்ஸெல்_மாமா

எங்கள் பக்கம் பங்க்கில் டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் (பழையது டூ ஸ்ட்ரோக்) வந்து நின்றாலே பையன் ஆயில் அளக்கிற கப்பைத் தேடுவான். டிவிஎஸ்காரர்கள் 2015-இல் எக்ஸெல் 100 என்று ஃபோர் ஸ்ட்ரோக் விட்டபிறகும் வருஷக்கணக்கில் இது நடந்தது. ஓட்டுகிறவருக்கும் அதே பழக்கம், "ஆயில் விடாம எப்படிப்பா ஓடும்?" என்று சண்டைக்கே வருவார்கள். அப்படி ஆயில் விட்டே ஓடிய வண்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். உடனே ஒன்றும் ஆகிவிடவில்லை. அடிக்கடி பிளக் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

பழைய_புல்லட்

தம்பி, மெக்கானிக் சொன்னது சரிதான். புல்லட்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவதுதான் இது. போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து) வெளியே வந்த வண்டிக்கு முதல் சில டேங்க் 2டி கலக்காமல் கிளப்பவே மாட்டோம். மேல் சிலிண்டருக்குக் கீழேயிருந்து தெறிக்கிற ஆயில் போதாது, அதுவும் காலையில் முதல் கிக்கில் சுவர் காய்ந்திருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்தவரை வால்வு சீட்டுக்கு அதுவே ஒரு மெத்தை. 2000-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள், இப்போது எத்தனால் வேறு. என் வண்டியில் இன்றும் லிட்டருக்குப் பத்து மில்லி விடுகிறேன். இன்ஜின் சத்தம் பட்டு மாதிரி இருக்கும். கேட்டவர்கள் கேட்ட மாதிரி சொல்லட்டும், என் காது எனக்குத் தெரியும்.

மூணாம்_கியர்

பெரியவர் சொன்னதில் பாதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் ஏன் பெட்ரோலோடு போகிறது?

அந்த இன்ஜினில் கார்புரேட்டரிலிருந்து வரும் கலவை நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கி, பிஸ்டன் கீழே வரும்போது அழுத்தப்பட்டு, டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே ஏறுகிறது. அப்படிப்பட்ட கிராங்க் கேஸில் ஆயிலைத் தேக்கிவைக்க முடியாது. அதனால் பெட்ரோலிலேயே கலந்து, போகிற வழியில் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராட், சிலிண்டர் சுவர் எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகும்படி வைத்தார்கள். ஆர்எக்ஸ் 100-இல் இதற்குத் தனி டேங்க், தனி பம்ப். எக்ஸெல் சூப்பர், பழைய சேட்டக் மாதிரி வண்டிகளில் நாமே கலக்க வேண்டும், லிட்டருக்கு 20 மில்லி.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கிராங்க் பக்கமே போகாது. கார்புரேட்டர், இன்டேக் வால்வு, எரியும் அறை, சைலன்சர், முடிந்தது. கீழே ஒரு லிட்டர் சுமார் ஆயில் தனியாக இருக்கிறது. அதை ஒரு பம்ப் மேலே வால்வைத் திறக்கும் கேம் வரைக்கும் ஏற்றுகிறது. சிலிண்டர் சுவருக்குக் கிராங்க்கிலிருந்து தெறிக்கும் ஆயிலே தாராளம். தாராளம் என்பதால்தான் பிஸ்டனில் ஆயில் ரிங் என்று ஒன்றை வைத்து, அதிகப்படியானதை வழித்துக் கீழே தள்ளுகிறார்கள். வால்வு தண்டுக்கும் அப்படித்தான். தண்டு ஏறி இறங்கும் கைடுக்கு மேலே ஒரு சீல் இருக்கிறது. தேவையான அளவு மட்டும் கசியவிட்டு, மிச்சத்தைத் தடுப்பது அதன் வேலை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வையுங்கள். 1000 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்குப் பத்து மில்லி என்றால் 200 மில்லி ஆயில் எரியும் அறைக்குள் போய் எரிகிறது. இதே 200 மில்லி கீழே உள்ள ஆயிலிலிருந்து குறைந்திருந்தால் என்ன சொல்வோம்? "வண்டி ஆயில் அடிக்குது, ரிங் போச்சு" என்று இன்ஜினை இறக்கச் சொல்வோம். நல்ல இன்ஜினை, காசு கொடுத்து, ஆயில் குடிக்கிற இன்ஜின் நிலைமைக்குக் கொண்டுவருவதுதான் இந்த வைத்தியம்.

பழைய_புல்லட்

> ஆயில் குடிக்கிற இன்ஜின் நிலைமைக்கு

இது வாதத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கீழே இருக்கிற ஆயிலும் 2டியும் ஒன்றா? 2டி எரிவதற்காகவே செய்த ஆயில். சாம்பல் விடாது.

மூணாம்_கியர்

ஒன்றில்லை, சரிதான். கம்பம் தம்பி கேட்ட 20டபிள்யூ40 கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மம் இருக்கும். எரிந்தால் சாம்பலாக பிளக்கிலும் வால்விலும் உட்காரும். அதைப் பெட்ரோலில் விடவே கூடாது. நல்ல 2டி ஆயிலில் அதையெல்லாம் குறைத்து, பெட்ரோலில் சட்டெனக் கரைய மெல்லிய கரைப்பானும், புகை குறைய பாலிஐசோபியூட்டிலீனும் சேர்ப்பார்கள். டப்பாவில் ஜாஸோ (ஜப்பானியத் தரக்குறி) எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று போட்டிருப்பது அந்தத் தரவரிசைதான். எஃப்சி, எஃப்டி இரண்டும் புகை குறைந்தவை.

ஆனால் சாம்பல் குறைவு என்பது வேறு, சாம்பலே இல்லை என்பது வேறு. டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தவர்கள் சைலன்சரைக் கழற்றிச் சுட்டுக் கார்பன் தட்டியதை மறந்திருக்க மாட்டார்கள். எரிவதற்காகவே செய்த ஆயில்தானே அங்கே போனது?

அப்புறம் ஆக்டேன். எண்ணெய் சேர்ந்தால் பெட்ரோலின் நாக்கிங் (இன்ஜின் தட்டுவது) தாங்கும் திறன் குறையும். ஒரு சதவீதத்துக்கு அது பெரிய இறக்கம் இல்லை, அதை வைத்துப் பயமுறுத்த மாட்டேன். நாளடைவில் பிஸ்டன் தலையில் படியும் கார்பன்தான் கவலை. அது கம்ப்ரஷனைக் கூட்டும், தணல் மாதிரி சூடாகி பிளக் பொறிக்கு முன்பே பற்றவைக்கும்.

லேத்_பட்டறை

கோவையில் போர், ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) வேலை செய்கிற பட்டறை எங்களுடையது. கணக்கெல்லாம் மேலே சொல்லிவிட்டார்கள். கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

2டி விட்டு ஓட்டிய வண்டி ஹெட் வந்தால் இன்டேக் வால்வைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். குடை மாதிரி விரியும் இடத்தின் முதுகில் தார் போலக் கறுப்பாக, விரலில் ஒட்டுகிற மாதிரி ஒரு படிவு இருக்கும். நகத்தால் கீறினால் வழிந்து வரும். எக்ஸாஸ்ட் வால்வில் அதுவே காய்ந்து பொறுக்காக இருக்கும். அந்தப் பொறுக்கில் ஒரு துணுக்கு உடைந்து வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டினால் வால்வு முழுக்க மூடாது, நெருப்பு அந்த இடுக்கில் ஒழுகி ஓரத்தைத் தின்றுவிடும். கம்ப்ரஷன் போச்சு, ஸ்டார்ட்டிங் போச்சு. எல்லா வண்டியும் இப்படி ஆகிறது என்று சொல்லவில்லை. ஆயில் விட்டதால் வால்வு தேயாமல் தப்பித்தது என்று ஒரு ஹெட்டைக் காட்ட முடியுமா என்றால், நான் பார்த்ததில்லை.

அதைவிட முக்கியமானது வேறு. கம்யூட்டர் வண்டிகளில் எங்களிடம் வரும் தேய்மானம் எங்கே தெரியுமா? கேம் லோப், ராக்கர், கேம் பேரிங். அடுத்தது பிஸ்டன், ரிங். கேம் போவதற்குக் காரணம் ஆயில் லெவல் பார்க்காதது. ஒரு லிட்டர் கொள்ளும் இன்ஜினில் அரை லிட்டரோடு ஓட்டியிருப்பார்கள். பிஸ்டன் போவதற்குப் பெரும்பாலும் ஏர் ஃபில்டர்தான் காரணம். கிழிந்த ஃபில்டர் வழியாகப் போகும் மண் சிலிண்டருக்கு உப்புத்தாள். டேங்கில் நீங்கள் என்ன விட்டாலும் கேம் பக்கம் ஒரு சொட்டு போகாது, மண்ணையும் அது நிறுத்தாது.

புல்லட் அண்ணனுக்கு: போர் போட்ட வண்டிக்கு 2டி விடும் பழக்கம் எங்கள் மாதிரிப் பட்டறைகளிலிருந்து வந்ததுதான், மறுக்க மாட்டேன். அந்தக் காலத்தில் காஸ்ட் அயர்ன் பேரலில் போர் கொஞ்சம் இறுக்கமாக விழும், பிஸ்டன் தரமும் ஒரு மாதிரி இருக்கும். முதல் நாளே ஹைவேயில் ஏற்றி, பிஸ்டன் இறுகி சீஸ் ஆக்கிக்கொண்டு வருவார்கள். பழி பட்டறை மேல். அதற்குப் பயந்து "ஆயில் விட்டு ஓட்டுங்க" என்று சொல்லி அனுப்புவது ஒரு காப்பு. இப்போது கிளியரன்ஸ் அளந்து, சுவரைக் கல்லால் உரசி ஹோனிங் குறுக்குக் கோடு போட்டுத் தருகிறோம். அந்தக் கோட்டின் முனைகளில் ரிங் உரசி, தேய்ந்து, உட்கார வேண்டும். அந்த நேரத்தில் மேலேயிருந்தும் எண்ணெய் விட்டால் ரிங் வழுக்கிக்கொண்டே இருக்கும், சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அப்புறம் அது காலத்துக்கும் ஆயில் குடிக்கும்.

பழைய_புல்லட்

ரிங் உட்காரும் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். வால்வு சீட்டுக்கு ஈயம் இல்லாத குறைக்கு என்ன சொல்கிறீர்கள்?

லேத்_பட்டறை

ஈயம் செய்த வேலை எண்ணெயின் வேலை இல்லை அண்ணே. எரிந்த ஈயத்தின் படிவு எக்ஸாஸ்ட் சீட்டில் ஒரு தோல் மாதிரி இருந்து, சூட்டில் வால்வும் சீட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்து வராமல் தடுத்தது. அந்தச் சூட்டில் 2டி ஆயில் எங்கே நிற்கும்? உண்மையிலேயே சீட் உள்ளே இறங்கியிருந்தால் ஹார்டன்டு சீட் அடித்துக்கொள்ளுங்கள், ஒருதடவை வேலை. 2011 வண்டிக்கு அந்தப் பேச்சே வேண்டாம், ஈயமில்லாத பெட்ரோலுக்கென்றே செய்தது.

பெல்ட்_பம்ப்

நான் டீசல் பம்ப் கேலிப்ரேஷன் வேலையில் இருக்கிறேன். இந்தப் பழக்கம் நெட்டில் இவ்வளவு பரவ டீசல் கார்க்காரர்களும் ஒரு காரணம். கந்தகம் குறைந்த டீசல் வந்தபிறகு லிட்டருக்கு ஐந்து மில்லி 2டி என்று ஒரு கூட்டம் ஆரம்பித்தது. அங்கே ஒரு தர்க்கமாவது உண்டு: டீசல் இன்ஜெக்ஷன் பம்ப் ஓடும் டீசலாலேயே மசகு பெறுகிறது, கந்தகம் நீக்கும்போது டீசலின் வழுவழுப்பும் போய்விடும். ஆனால் அதற்கும் சுத்திகரிப்பு ஆலையிலேயே மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். டீசல் தரத்தில் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக்கூடாது என்று அதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது.

கார்புரேட்டர் பைக்கில் பெட்ரோலை நம்பி ஓடும் பம்ப்பே கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, தானாக இறங்குகிறது. அங்கே சொன்னதை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். (டூ ஸ்ட்ரோக்கைத் தவிர பெட்ரோலில் எண்ணெய் கலப்பதற்கு நியாயம் உள்ள ஒரு இன்ஜின் என்றால் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி இன்ஜின். அதில் முனை சீல்களுக்குக் கம்பெனியே ஆயிலைத் துளித்துளியாக உள்ளே விட்டு எரிக்கிறது. கம்பத்தில் அந்த வண்டி இருக்காது என்று நினைக்கிறேன்.)

வடமராட்சி

இதை வாசிக்கப் பழைய ஞாபகம் வருகிறது. 90-களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கண்ணில் காண்பதே அரிது. மோட்டார் சைக்கிள் முழுக்க மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஹொண்டா ஃபோர் ஸ்ட்ரோக்குகள் அதையும் தாங்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ரிங்கால் இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் ஸ்டிக்கை இழுத்தால் மண்ணெண்ணெய் மணக்கும், லெவல் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அந்த நாளில் வண்டியைக் காப்பாற்றினவர்கள் ஒயிலை அடிக்கடி மாற்றினவர்கள்தான். ரேங்க்குக்குள் என்ன மருந்து விட்டோம் என்பதில் ஒன்றும் இல்லை.

புது_பிஎஸ்6

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் வண்டி ஃப்யூயல் இன்ஜெக்ஷன், வாரன்டி இன்னும் இருக்கிறது. எனக்கும் பங்க்கில் ஒருவர் இதையே சொன்னார். கொஞ்சமாக விட்டால் பரவாயில்லையா?

மூணாம்_கியர்

உங்களுக்குக் கொஞ்சமும் வேண்டாம். பிஎஸ்6 வண்டியின் சைலன்சருக்குள் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறது, அதற்கு முன்னால் ஆக்சிஜன் சென்சார். ஆயில் எரிந்த புகையும் சாம்பலும் சென்சார் முனையை மூடினால் அது வண்டியின் கணினியான ஈசியுவுக்குத் தப்பாகச் சொல்லும், ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். மைலேஜ் ஏன் விழுந்தது என்று நீங்கள் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கன்வர்ட்டரில் படிந்தால் அதன் தேன்கூட்டுத் துளைகளை யாரும் கழுவித் தரமுடியாது, புதிதுதான். ஓனர்ஸ் மேனுவலை எடுத்துப் பெட்ரோல் பக்கத்தைப் படியுங்கள். ஹோண்டா மேனுவல்களில் எண்ணெய் கலந்த பெட்ரோலைப் பயன்படுத்தக் கூடாது என்று நேராகவே போட்டிருக்கும். வாரன்டிக்குப் போனால் அதைத்தான் காட்டுவார்கள்.

கம்பம்_ரைடர்

எல்லோருக்கும் நன்றி. 2டி விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் மெக்கானிக் அண்ணன் கவலை எத்தனால் பற்றியது. அது பொய்யில்லையே? வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் முன்னைவிட இழுக்காமல் திக்குகிறது. ஒருமுறை மூன்று வாரம் நிறுத்திவைத்த பிறகு ஸ்டார்ட் ஆகவே சிரமப்பட்டது. இதற்கு என்ன வழி?

மூணாம்_கியர்

பொய்யில்லை. அவர் நோயைச் சரியாகப் பார்த்திருக்கிறார், மருந்துதான் வேறு.

2023 பிப்ரவரியில் ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. அந்த ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் அதைத் தாங்கும்படி செய்தவை. உங்கள் 2011 வண்டி அதற்கு முந்தையது. திக்குவதற்குக் காரணம் இதுதான்: சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். 20 சதவீதம் கலந்தால் கிட்டத்தட்ட 13.5. கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) அளவிலேயே பெட்ரோலை விடுகிறது. விளைவு, கலவை லீன், அதாவது காற்று கூடி எரிபொருள் குறைவு. அதுதான் திக்கல், அதுதான் கூடுதல் சூடு. இப்போது இதில் 2டி விட்டால்? ஜெட் வழியாகப் போகும் பெட்ரோலில் நூறில் ஒரு பங்கு ஆயிலாகிறது, திரவமும் கொஞ்சம் கெட்டியாகிறது. இன்னும் லீன். அளவு சின்னதுதான், ஆனால் போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்.

மைலேஜ் கொஞ்சம் குறைவதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எந்த ஆயிலும் அதை நிரப்பாது.

நிறுத்திவைத்தால் வரும் தொல்லை தண்ணீர். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும், மேலே பெட்ரோல். நீங்கள் விட்ட 2டி எங்கே இருக்கும்? மேலே, பெட்ரோலோடு. துருப்பிடிக்கிற இடம் அடியில். பெட்ரோல் காக் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். "டேங்க் துருப்பிடிக்காது" என்று சொல்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெட்ரோல் ஹோஸைப் புதிதாக, எத்தனால் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றுங்கள். பழையதை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். கார்புரேட்டர் கிண்ணத்தின் ஓ-ரிங் உப்பியிருந்தால் மறுபடி பள்ளத்தில் உட்காராது, அதையும் மாற்றிவிடுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், காக்கை மூடி, கிண்ணத்தின் டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி அதிலுள்ள பெட்ரோலை ஒரு பாட்டிலில் இறக்கிவிடுங்கள்.

பழைய_புல்லட்

வாரக்கணக்கில் நிறுத்தும்போது பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கிக்கரை மெதுவாக அமுக்கிச் சுற்றிவைப்பேன். இதையும் தப்பு என்பீர்களா?

லேத்_பட்டறை

அது ரொம்பச் சரி அண்ணே. மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்குச் சுவர் துருப்பிடிக்காமல் இருக்க நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். மறுபடி கிளப்பும்போது பிளக்கைக் கழற்றி நாலு கிக் அடித்து ஆயிலை வெளியே தள்ளிவிட்டு மாட்டுங்கள். கொஞ்ச நேரம் புகை தள்ளும், அப்புறம் நின்றுவிடும்.

பழைய_புல்லட்

சரி. டேங்கில் விடுவதை நிறுத்துவேனா என்று தெரியாது, பழக்கம். ஆனால் அடுத்த தடவை போர் போட்டால் கலக்காமல் ஓட்டிப் பார்க்கிறேன்.

எக்ஸெல்_மாமா

அண்ணே, அந்தப் பட்டுச் சத்தம் போய்விட்டால் எங்களைத் திட்டக்கூடாது.

கம்பம்_ரைடர்

ஹோஸை வளைத்துப் பார்த்தேன், நிஜமாகவே வெடித்திருக்கிறது. மாற்றச் சொல்லியிருக்கிறேன். லீனாக ஓடுகிறது என்றீர்களே, ஜெட் மாற்ற வேண்டுமா, இல்லை ஸ்க்ரூ வைத்தே சரிபண்ணலாமா?

மூணாம்_கியர்

ஜெட்டுக்கு இப்போதே போகாதீர்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் உள்ள மிக்ஸ்சர் ஸ்க்ரூவைப் பாருங்கள். அது கார்புரேட்டரின் இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ, உள்ளே திருப்பினால்தான் ரிச். இதை மாற்றிப் புரிந்துகொண்டு திருப்புகிறவர்கள் அதிகம். இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று குறித்துவைத்துவிட்டு, கால் சுற்று மட்டும் மாற்றி ஒரு நாள் ஓட்டுங்கள். அது ஆக்சிலரேட்டர் கொடுக்க ஆரம்பிக்கும் இடத்துத் திக்கலைத்தான் சரிசெய்யும். பாதி த்ராட்டிலிலும் திக்கினால் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்க வேண்டும், அதற்கு மெக்கானிக் அண்ணனிடமே போங்கள், அவருக்குக் கைவந்த வேலை.

நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் லீன், வெளிர் பழுப்பாக இருந்தால் அதோடு விட்டுவிடலாம். சில வண்டிகளில் அந்த ஸ்க்ரூவை மூடி போட்டு அடைத்திருப்பார்கள். திருப்புவதற்கு முன் கார்புரேட்டரை இரண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், எது என்று சொல்கிறேன்.